கேட்டெழுதின காக்காவும் கேக்காம எழுதுற மிசினும்

மருமகன், நீ எழுத்தாளன் ஆகிட்டாய் எண்டு வினாயகபுரம் முழுக்கக் கதை. வாசிகசாலைக்கு ஆண்டறிக்கை எழுதினது நீயாம். கோயில் திருவிழா நோட்டீஸ் எழுதினதும் நீயாம். விளையாட்டுக் கழகத்துக்கு ஜேர்சி கேட்டு, கனடாவில இருக்கிற நம்மட ஆக்கள் கண் கலங்குற மாதிரிக் கடிதம் எழுதினதும் நீதானாம். சந்தோசம். ஐஞ்சாம் வகுப்பில "எங்கள் ஊர்" எண்டு பத்து வரி எழுதச் சொன்னதுக்கு, "எங்கள் ஊரில் மாடு உண்டு, மாட்டுக்குக் கால் நாலு" எண்டு மாட்டுக்குத் தாவி, புறகு ஊருக்குத் திரும்பி வராத பொடியன் நீ. இப்ப ஒரு நிமிசத்தில ரெண்டு பக்கம் தள்ளுறாய். சரஸ்வதி உன்ட நாக்கில எழுதிப்போட்டாளோ எண்டு பார்த்தன். அவள் ஃபோன்ல எழுதிப்போட்டுப் போயிருக்கிறாள்.

பயப்படாத, ஃபோனுக்குள்ள இருந்து எழுதுற அந்த ஏஐ மிசினுக்கு நான் எதிரி இல்ல. முதல்ல நல்லதச் சொல்லிப்போடுறன். அப்பதான் புறகு ஏசக்குள்ள ஏச்சுக்கு ஒரு மரியாத இருக்கும்.

நம்மட பக்கம் தபால்காரன் பழுப்பு நிறக் கவரோட படலையில நிண்டா வீட்டில அடுப்பு அணைஞ்சிடும். பிரிச்சுப் பார்த்தா முழுக்கச் சிங்களம். 1956ல சிங்களம் மட்டும் எண்டு சட்டம் போட்டாங்க. 1987ல 13ஆம் திருத்தம் வந்து தமிழும் அரசகரும மொழி எண்டாங்க. சட்டம் கொழும்பில இருந்து வெளிக்கிட்டது மெய்தான். வந்த பஸ் வழியில எங்கயோ பழுதாகி நிக்குது போல, இன்னும் சில கடிதம் அப்பிடியேதான் வருது. முந்தி அதக் கையில பிடிச்சிக்கொண்டு சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச ஆளத் தேடி அலைவம். அவர் கண்ணாடியத் துடைச்சு, தேத்தண்ணி குடிச்சு, சத்தமா வாசிச்சு முடிக்கக்குள்ள நம்மட வீட்டு ரகசியம் தம்பிலுவில் சந்தியத் தாண்டிடும். இப்ப ஃபோனக் கடிதத்துக்கு மேல பிடிக்கிறாய், தமிழ் வருது. வரிக்கு வரி சரி எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா காசு தாறாங்களா, காணியக் கேக்கிறாங்களா எண்டாவது விளங்குது. எங்கட காலத்தில அதுவே பெரிய விசயம்.

இன்னொண்டு. குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போற நம்மட பொம்பிளைப் பிள்ளைகள், கல்முனையில இருந்து பொத்துவில் வரைக்கும், தமிழ் வீட்டிலயும் சோனக வீட்டிலயும், அரபிலயும் இங்கிலீசிலயும் இருக்கிற ஒப்பந்தத்தில கையெழுத்துப் போட்டிட்டுத்தான் போறாளுகள். அதில என்ன எழுதியிருக்கு எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னதுதான் வேதம். இப்ப ஒரு பிள்ளை வீட்டுத் திண்ணையில இருந்துகொண்டே சம்பளம் எவ்வளவு, லீவு இருக்கா, பாஸ்போட் ஆரிட்ட இருக்கும் எண்டு தமிழில கேட்டுத் தெரிஞ்சு கொள்ளலாம். "எனக்கு ஆறு மாசமாச் சம்பளம் தரல்ல" எண்டு அங்க இருந்தே இங்கிலீசில முறைப்பாடு எழுதலாம். இந்த ஒரு வேலைக்காகவே அதச் செஞ்சவனுக்கு ஒரு பொங்கல் வைக்கலாம்.

ஆனா அந்த மிசினுக்குள்ளயும் தமிழனுக்கு வரி கூடத்தான் இருந்தது, கேளு. ஒலுவில் கம்பஸ்ல படிக்கிற பேத்தி வாசிச்சுச் சொன்னதுதான், கிழவன் கனவு கண்டு சொல்லல்ல. இந்த மிசின் எழுத்த முழுச் சொல்லா விழுங்காதாம். துண்டு துண்டா வெட்டித்தான் விழுங்குமாம். கம்பனிக்குக் காசு கட்டிப் பாவிக்கிறவனுக்கு அந்தத் துண்டுக் கணக்கில பில் வரும். 2024 மே மாசம் ஓப்பன்ஏஐ கம்பனி புது மிசின் விட்ட நேரம் அவங்களே ஒரு கணக்குக் காட்டினாங்க. ஒரே வசனம் இங்கிலீசில 27 துண்டு, தமிழில 116 துண்டு. புது மிசின்ல தமிழ் 35 ஆகிட்டுது எண்டு பெருமையாச் சொன்னாங்க. இங்கிலீசு 24. அப்ப பார், கச்சேரியில மட்டுமில்ல, கலிபோர்னியாவிலயும் தமிழன் நீள லைன்லதான் நிண்டிருக்கிறான். இப்ப லைன் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஒத்துக்கொள்றன்.

நல்லது சொல்லி முடிஞ்சுது. இனி ஏச்சு.

நான் இளந்தாரியா இருந்த காலத்தில கல்முனையில கோட்டுக்குப் பக்கத்தில பெட்டிசம் எழுதுற காக்கா ஒருத்தர் இருந்தவர். மேசை, ரைப்ரைட்டர், பக்கத்தில ஒரு வாங்கு. நம்மட ஊர் ஆக்களும் அங்கதான் போறது, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆக்களும் அங்கதான். நீ போய் "காக்கா, காணிப் பிரச்சினை, ஒரு பெட்டிசம் வேணும்" எண்டா அவர் கடதாசியத் தொட மாட்டார். கேள்வி தொடங்கும். பேமிட்டா, உறுதியா? பேமிட் எண்டா ஆர்ட பேர்ல? வாப்பாடயா, உம்மாடயா? பின்னுரித்துப் பதிஞ்சதா? வடக்கெல்லையில ஆரு? அவரோட கதை பேச்சு உண்டா, கோபமா? கடைசியா விதானையக் கண்டது எப்ப? தெரியாது எண்டா, "போய்த் தெரிஞ்சிட்டு வாங்க தம்பி, நான் இஞ்சதான் இருப்பன்" எண்டு அடுத்த ஆளக் கூப்பிடுவார். ஒருக்கா நான் அவசரத்தில, "ஒரு திகதியச் சும்மா போடுங்க காக்கா" எண்டன். மனிசன் ரைப்ரைட்டர்ல இருந்து கையத் தூக்கிப்போட்டு சொன்னார்: "எழுதுறது நான். கையெழுத்து வைக்கிறது நீங்க. மறியலுக்குப் போறதும் நீங்கதான்."

உன்ட மிசின் கேக்குதா மருமகன்?

யானை வந்த கதைய எடு. உன்ட சித்தப்பன்ட வயலுக்குள்ள யானை இறங்கி மிதிச்சிட்டுது. நீ ஃபோன்ல என்ன சொன்னாய்? "யானை வயல நாசமாக்கிட்டுது, நட்டஈடு கேட்டு ஒரு கடிதம்." அவ்வளவுதான். வந்த கடிதத்த நான் கண்ணாடி போட்டு வாசிச்சன். "கடந்த மார்ச் 28 ஆம் திகதி இரவு 11.30 மணியளவில் ஏழு காட்டு யானைகள் அடங்கிய கூட்டம்..." இறங்கினது ஒரு தனியன், ஊரே பார்த்தது. மார்ச் 28 எண்டா பெரும்போகம் வெட்டி முடிஞ்சு வயலுக்குள்ள வைக்கோலும் கொக்கும்தான் நிண்டிருக்கும். "மூன்று ஏக்கர் கரும்புச் செய்கை" எண்டும் கிடந்தது. சித்தப்பன்ட ஒண்டரை ஏக்கர்ல கரும்பு எப்ப முளைச்சது எண்டு சித்தப்பனுக்கே தெரியாது. எல்லாத்துக்கும் மேல, "கிராம சேவகர் முன்னிலையில் சேதம் மதிப்பிடப்பட்டது" எண்டு ஒரு வரி. கிராம சேவகர் அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கல்ல. அந்தக் கடிதம் போயிருந்தா நட்டஈட்டுக்குப் பதிலா விசாரணை வந்திருக்கும். யானை தப்பியிருக்கும், சித்தப்பன் மாட்டியிருப்பான்.

அது பொய் சொல்லுது எண்டு நீ கோவிக்காத. அதுக்குப் பொய் சொல்லவும் தெரியாது. உலகத்தில எழுதிக் குவிச்சதெல்லாத்தையும் மேஞ்சுபோட்டு, இந்தச் சொல்லுக்குப் புறகு எந்தச் சொல் வரும் எண்டு அடுக்கிக்கொண்டு போகுது. நட்டஈட்டுக் கடிதம் எண்டா திகதி வரும், ஏக்கர் வரும், அதிகாரி வருவார். அதால அதுவும் ஒரு திகதி போடுது, ஒரு ஏக்கர் போடுது, ஒரு அதிகாரியையும் இறக்குது. காக்காவுக்குத் தெரியாத இடத்தில கேள்வி வரும். இதுக்குத் தெரியாத இடத்தில அழகான ஒரு வசனம் வரும். எது மெய், எது இட்டுக்கட்டினது எண்டு பார்த்துக் கண்டுபிடிக்க ஏலா, ரெண்டும் ஒரே சட்டை போட்டிருக்கும்.

இதில எனக்கு ஒரு சின்னச் சந்தோசம் என்னெண்டா, நம்மளுக்கு முதல்ல கோட்டும் ரையும் கட்டினவங்கதான் இதில விழுந்தாங்க. 2023ல நியூயோர்க்கில ஒரு வழக்கு. பிளேன்ல சாப்பாட்டு வண்டில் முழங்கால்ல இடிச்சிட்டுது எண்டு ஒருத்தர் அவியங்கா கம்பனிக்கு எதிராப் போட்ட வழக்கு. அவர்ர சட்டத்தரணி பழைய தீர்ப்புகள சட்ஜிபிடியிட்டக் கேட்டு எழுதிக் குடுத்தார். எதிர்ப்பக்கம் தேடிப் பார்த்தா அப்பிடி வழக்கே உலகத்தில நடக்கல்ல. இதில சிரிப்பு எது தெரியுமா? அந்த மனிசன் அந்த மிசினிட்டயே, "இது உண்மையான வழக்குத்தானா" எண்டு கேட்டிருக்கிறார். ஓம் எண்டு சொல்லியிருக்கு. கள்ளனிட்டயே கள்ளன் ஆரெண்டு கேட்ட கதை. நீதிபதி 5,000 டொலர் தண்டம் அடிச்சார்.

2025ல அமெரிக்காவில சிக்காகோ சன்-டைம்ஸ் பேப்பர்ல விடுமுறைக்கு வாசிக்க எண்டு, மிசினிட்டக் கேட்டு 15 புத்தகம் சொன்னாங்க. அதில 10 புத்தகம் எழுதப்படவே இல்ல. எழுத்தாளர் பேரெல்லாம் மெய், புத்தகம் பொய். அதே வருசம் டெலோய்ட் எண்ட பெரிய கணக்காளர் கம்பனி, ஆஸ்திரேலிய அரசாங்கத்துக்குக் குடுத்த அறிக்கையில இல்லாத ஆய்வுகள மேற்கோள் காட்டி, வாங்கின காசில ஒரு பகுதியத் திருப்பிக் குடுத்தது. அறிக்கைக்குப் பேசின காசு நாலு லட்சத்து நாப்பதாயிரம் ஆஸ்திரேலிய டொலர் வரும். நீ எழுதினது ஜேர்சிக்குத்தானே, தப்பிட்டாய்.

சரி, அந்த மிசின்ட தமிழக் கவனிச்சியா? எனக்கு அது புதுசில்ல. எங்க கேட்டது எண்டு யோசிச்சன், பிடிபட்டிட்டுது. 2004 டிசம்பர் 26க்குப் புறகு கேட்டது. இலங்கையிலயே கூடச் சனம் செத்தது நம்மட அம்பாறை மாவட்டத்தில, பத்தாயிரத்துக்கு மேல. அது சிரிக்கிற கதை இல்ல. ஆனா அதுக்குப் புறகு வெள்ள ஜீப்பில வந்தாங்களே நிறுவனக்காரங்க, அவங்கட திட்ட முன்மொழிவு நினைவிருக்கா? உனக்கு எங்க, நீ அப்ப வாயில விரல். "நிலைபேறான அபிவிருத்தி", "பெண்களை வலுவூட்டல்", "சமூகப் பங்குபற்றலை உறுதிப்படுத்தல்". திருக்கோயிலுக்கு எழுதினதும் அதுதான், மருதமுனைக்கு எழுதினதும் அதுதான். கீழ ஊர்ப் பேர மட்டும் மாத்துவாங்க. தோணி வேணாம், கிணத்த இறைச்சுத் தாங்க எண்டு சொன்ன ஊருக்கும் தோணி வந்தது. உன்ட மிசின் அந்தத் தமிழில பால் குடிச்சு வளந்திருக்கு. வாசிகசாலை ஆண்டறிக்கையில "அறிவொளி பரப்பும் பயணத்தில் நாம் ஒரு முக்கிய மைல்கல்லை எட்டியுள்ளோம்" எண்டு எழுதியிருக்கிறாய். வாசிகசாலைக் கூரை ஒழுகுது, பேப்பர் நாலு நாளைக்கு ஒருக்காத்தான் வருது. மைல்கல்லத் தலைக்கு வைச்சுப் படுக்கவா?

இதாவது பொறுக்கலாம். கிழக்குத் தெரு பெரியப்பன்ட 31ஆம் நாள் நினைவு மலர் கிடக்கே, அதப் பொறுக்க ஏலா. "மென்மையான பேச்சாலும் மாறாத புன்னகையாலும் அனைவரையும் கவர்ந்த பண்பாளர்." மருமகன், அந்த மனிசன் வட்டைக்குள்ள நிண்டு மாட்டுக்காரன ஏசினா கடற்கரையில வலை இழுக்கிறவன் காது பொத்துவான். அவர் சிரிச்சு நான் பார்த்ததே ரெண்டு தரம், ரெண்டும் மற்றவன்ட வாய்க்கால் உடைஞ்ச நாள். ஆனா 1978 சூறாவளியில கூரை போன வீட்டுப் பிள்ளைகளத் தன்ட வீட்டுக்குள்ள விட்டிட்டு, தான் நெல்லு மூட்டைக்கு மேல ஏறி இருந்து விடிய விடிய ஏசிக்கொண்டே காவல் காத்த மனிசன். அந்தப் பிள்ளைகள் இண்டைக்குப் பேரப்பிள்ளை கண்டுட்டாங்க, அந்த ஏச்ச இன்னும் சொல்லிச் சிரிப்பாங்க. அந்த ஏச்சு மலர்ல எங்க? நீ மிசினிட்டச் சொல்லல்ல. ஏன் சொல்லல்ல? உனக்குத் தெரியாது. தெரியாட்டி பெரியம்மாவிட்ட ஒரு தேத்தண்ணி குடிச்சிக்கொண்டு கேட்டிருக்கலாமே. பெரியம்மா அந்த மலர வாங்கிப் பார்த்துப்போட்டு, "இது ஆர்ட?" எண்டு கேட்டவ.

காரைதீவில பிறந்த விபுலானந்த சுவாமி யாழ் நூலுக்குப் பதினாலு வருசம் உழைச்சவர். அழிஞ்சு போன யாழ எப்பிடிச் செய்யிறது எண்டு பழைய நூலெல்லாம் தேடி, நரம்புக்குக் கணக்குப் போட்டு, 1947 ஜூன் மாசம் திருக்கொள்ளம்பூதூரில அரங்கேத்தினார். அடுத்த மாசமே போய்ச் சேர்ந்திட்டார். நீயும் பதினாலு வருசம் எடு எண்டு நான் சொல்லல்ல. ஒரு மனிசன்ட சாவுக்கு ஒரு பின்னேரம் எடு எண்டு சொல்றன்.

உன்ட அக்கா ரீச்சர்தானே, அவவுக்கும் ஒரு கதை இருக்கு. பிள்ளைகள் கட்டுரையெல்லாம் மிசின்ல எழுதிட்டு வருகுதுகள் எண்டு அவவுக்குத் தலையிடி. "மிசின் எழுதினதக் கண்டுபிடிக்கிற இன்னொரு மிசின் இருக்கு மாமா" எண்டு சொன்னா. கவனம் எண்டு சொல்லு. ஓப்பன்ஏஐ கம்பனியே அப்பிடி ஒண்டு செஞ்சு 2023 ஜனவரியில விட்டது. மிசின் எழுதினதில நூற்றுக்கு 26தான் அதுக்குப் பிடிபட்டது. மனிசன் எழுதினதில நூற்றுக்கு 9ஐ மிசின் எழுதினது எண்டு பழி போட்டது. ஜூலை மாசம் கடையப் பூட்டிட்டாங்க. மற்றக் கம்பனிகள் செஞ்சதையும் ஸ்டான்போட் கம்பஸ்காரங்க 2023ல சோதிச்சுப் பார்த்தாங்க. இங்கிலீசு தாய்மொழி இல்லாத பிள்ளைகள் கைப்பட எழுதினதில பாதிக்கு மேல "மிசின் எழுதினது" எண்டு வந்திருக்கு. அப்ப நம்மட பிள்ளை கஷ்டப்பட்டு இங்கிலீசில எழுதினாலும் கள்ளப் பட்டந்தான். கண்டுபிடிக்க லேசான வழி இருக்கு. பிள்ளைய எழுப்பிவிட்டு, "நீ எழுதினத வாயால சொல்லு" எண்டு கேக்கச் சொல்லு. எழுதின பிள்ளை தடுமாறித் தடுமாறியாவது சொல்லும். எழுதாத பிள்ளை மேல ஃபேனப் பார்க்கும். நீ ஐஞ்சாம் வகுப்பில பார்த்த அதே ஃபேன்தான்.

அடையாள அட்டை நம்பர், பேங் புத்தகம், மருந்துத் துண்டு, இதெல்லாம் மிசினுக்குள்ள போடாத. தனிப்பட்ட தரவுகளப் பாதுகாக்க எண்டு 2022ல இலங்கையில 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கு. சட்டம் வாற பஸ்ஸப் பற்றி மேல சொல்லிட்டன். உன்ட படலைய நீயே பூட்டு.

இப்ப என்ன செய்யிறது எண்டு கேப்பாய். மிசினோட எழுது, வேணாம் எண்டு சொல்ல எனக்கென்ன பைத்தியமா? மேல இருக்கிறவனுக்குப் போற கடிதத்துக்கு, தெரியாத மொழிக்கு, மனுவுக்கு, பாவி. ஆனா காக்கா கேட்ட கேள்வியெல்லாம் முதல்ல உன்னையே கேளு. எத்தனை ஏக்கர், எத்தனையாம் திகதி, ஆர் பார்த்தது எண்டு எல்லாத்தையும் நீ சொல்லு, "நான் சொல்லாத ஒண்டும் போடாத, தெரியாட்டி என்னையக் கேளு" எண்டும் சொல்லு. அப்பிடிச் சொன்னா கொஞ்சம் அடங்குதாம், பேத்தி சொன்னாள். வந்த புறகு பென்சில எடுத்து, நீ சொல்லாம வந்த சொல் ஒவ்வொண்டையும் வெட்டு. மிஞ்சினது நாலு வரி எண்டா நாலு வரியே போகட்டும். உன்னைய அறிஞ்ச ஆக்களுக்கு, பொஞ்சாதிக்கு, செத்த வீட்டுக்கு, நீயே எழுது. எழுத்துப் பிழை இருந்தாப் பரவாயில்ல, உன்ட எழுத்துப் பிழை அவங்களுக்குப் பழக்கம்.

கடைசியா ஒண்டு, இது எனக்காக. நான் போன புறகு 31க்கு மலர் கிலர் எண்டு அடிச்சிடாத. நான் மென்மையானவன் எண்டு அந்த மிசின் எழுதினா உன்ட மாமி எழும்பி வந்து அடிப்பா. அந்தக் காசுக்கு அக்கரைப்பத்தில, நான் வழமையாச் சாமான் எடுக்கிற ஹாஜியார்ர கடையில என்ட கடன் கிடக்கு, அதக் கட்டு. எவ்வளவு எண்டு ஃபோன்ல கேக்காத. ஹாஜியாரிட்டப் போய்க் கேள், கொப்பியில எழுதி வைச்சிருக்கிறார்.